மெஷினைப் போட்டால் டஸ்ட் கலெக்டரும் தானாக ஓட எது நல்ல வழி?

சீவல்சுருள்:

வணக்கம் நண்பர்களே. மரவேலைப் பட்டறையில் டேபிள் சா, மைட்டர் சா, ப்ளேனர் மூன்றும் நிலையாக நிற்கின்றன. ரவுட்டர், ஆர்பிட்டல் சாண்டர் இரண்டும் பெஞ்சில் கையால் ஓட்டுவது. தூசிக்கு இரண்டு ஏற்பாடு இருக்கிறது: கை டூல்களுக்கு 1200 வாட் வேக்கம், நிற்கிற மெஷின்களுக்கு 4 இன்ச் குழாய் இழுத்த ஒன்றரை ஹெச்பி டஸ்ட் கலெக்டர். கலெக்டர் எதிர்மூலையில் இருக்கிறது.

சிக்கல் ஸ்விட்ச்தான். ஒரே ஒரு துண்டு வெட்டவேண்டும் என்றாலும் அந்த மூலைக்குப் போய் கலெக்டரைப் போட்டு, திரும்பி வந்து ரம்பத்தைப் போட்டு, வெட்டி முடித்ததும் மறுபடி போய் நிறுத்த வேண்டும். அளந்து கோடு போட்ட பலகை கையில் இருக்கும்போது அந்த நடை யாருக்கும் கசக்கும், ஒரு வெட்டுதானே என்று தோன்றும், அந்த ஒரு வெட்டுகள் சேர்ந்துதான் மாலைக்குள் பட்டறை முழுக்க மாவு படிந்துவிடுகிறது.

ரம்பம், கலெக்டர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, இரண்டின் ஸ்விட்சையும் ஆனிலேயே விட்டுவிட்டு, பாக்ஸ் ஸ்விட்சை மட்டும் தட்டினால் போதாதா? டூல் ஓடுவதைக் கண்டுபிடித்து வேக்கத்தைப் போடும் சாக்கெட்டுகள் விற்கின்றன, அவை இந்தப் பெரிய கலெக்டரைத் தாங்குமா? அப்புறம் பேட்டரி சர்க்குலர் சா ஒன்று வைத்திருக்கிறேன், ஒயரே இல்லாத அதற்கு என்ன செய்வது?

ஒயரிங்கட்டை:

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் ரம்பத்தின் சொந்த ஸ்விட்ச் எப்போதும் ஆனில் இருக்கும், ரம்பம் ஓடுமா நிற்குமா என்பதை எங்கோ தரையில் கிடக்கிற ஒரு பெட்டி முடிவு செய்யும். பிளேடு மாற்றும்போதோ, மாட்டிக்கொண்ட சில்லை எடுக்கும்போதோ, வேக்கம் வேண்டும் என்று வேறு ஒருவர் அந்தப் பெட்டியைத் தட்டினால் போதும். கரண்ட் போய்விட்டு வந்தாலும் இதே கதைதான், நீங்கள் ரம்பத்தின் பக்கம் இல்லாதபோதே அது சுற்ற ஆரம்பிக்கும்.

நல்ல டேபிள் சாக்களில் பச்சை, சிவப்பு பட்டன் வைத்த ஸ்விட்ச் இருப்பதே இதற்காகத்தான். உள்ளே ஒரு காயில் (மின்காந்தச் சுருள்) இருக்கும், கரண்ட் போனதும் அது விட்டுவிடும், கரண்ட் திரும்பி வந்தாலும் பச்சையை மறுபடி அழுத்தும் வரை மெஷின் ஓடாது. உங்கள் ரம்பத்தில் அது இருந்தால் எக்ஸ்டென்ஷன் யோசனை தானாகவே செல்லாது. இல்லையென்றால் கலெக்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே அதை வாங்கிப் பொருத்துங்கள். எந்த ஏற்பாடு செய்தாலும் டூல் தன் சொந்த ஸ்விட்சில்தான் கிளம்பவேண்டும், கலெக்டரைப் போட்டால் டூலும் கூடவே ஓடும்படி இருக்கக்கூடாது.

லோடு கணக்கும் பாருங்கள். 230 வோல்ட் சப்ளை என்று வைத்துக்கொண்டால் 16 ஆம்ப் சர்க்யூட் தருவது சுமார் 3680 வாட். 300 வாட் சாண்டரும் 1200 வாட் வேக்கமும் சேர்ந்து ஆறரை ஆம்ப்தான், அது ஒரே சாக்கெட்டில் சுகமாக ஓடும். 2000 வாட் ரம்பம் தனியாகவே 9 ஆம்ப்புக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும், ஒன்றரை ஹெச்பி கலெக்டர் 7, 8 ஆம்ப் வரை போகும், இரண்டும் ஒரே பாயிண்டில் என்றால் ஓடும்போதே விளிம்பில்தான் நிற்கும். இதற்கு மேல் ஸ்டார்ட்டிங் கரண்ட் இருக்கிறது. இண்டக்ஷன் மோட்டார் கிளம்பும் நேரத்தில் வழக்கமான கரண்டைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு இழுக்கும். பி வகை எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச்) மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே உடனே விழுந்துவிடும், சி வகை ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும். அதனால் கலெக்டருக்குத் தனி சர்க்யூட், தனி எம்சிபி. 120 வோல்ட் சப்ளை உள்ள இடங்களில் 15 ஆம்ப் சர்க்யூட்டுக்கு 1800 வாட்தான் கிடைக்கும், அங்கே வேக்கத்தைக்கூடப் பிரித்தாக வேண்டிவரும்.

கரண்ட் உணரும் சாக்கெட் வேக்கத்துக்கு அருமையான தீர்வு. டூல் கிளம்பி ஒரு நொடி கழித்துத்தான் வேக்கத்தைப் போடும், இரண்டு ஸ்டார்ட்டிங் கரண்டும் ஒரே நேரத்தில் விழாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. டூலை நிறுத்திய பிறகும் சில நொடிகள் வேக்கம் ஓடி ஹோஸில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். இப்போது வரும் பல வேக்கங்களில் இந்த சாக்கெட் உடம்பிலேயே இருக்கிறது, உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பக்கத்தில் எவ்வளவு வாட் டூல் வரை சொருகலாம் என்று அச்சடித்திருப்பார்கள், அதை மீறவேண்டாம். பெரிய கலெக்டரை மட்டும் இந்த மாதிரி சாக்கெட்டில் சொருகாதீர்கள்.

இழைப்புளி:

மேலே சொன்னது எல்லாம் சரி. பெரிய கலெக்டர் விஷயத்தில் நான் இன்னொரு கோணம் சொல்கிறேன். அதை ஒவ்வொரு வெட்டுக்கும் போட்டு நிறுத்துவதே தேவையில்லை.

வேக்கத்தில் இருப்பது பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார், நொடியில் வேகம் எடுக்கும், அடிக்கடி போட்டு நிறுத்தினாலும் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. கலெக்டரில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார், அதன் தண்டில் கனமான இம்பெல்லர், அதாவது காற்றை இழுக்கும் விசிறிச் சக்கரம், உட்கார்ந்திருக்கிறது, முழு வேகத்துக்கு வரச் சில நொடிகள் ஆகும், அந்த நொடிகள் முழுவதும் வைண்டிங்கில் பல மடங்கு கரண்ட் ஓடிச் சூடாகிறது. ஸ்டார்ட் கெபாசிட்டரும் அதே நேரத்தில்தான் அடி வாங்குகிறது. ஓடிக்கொண்டே இருந்தால் மோட்டார் தன் விசிறியால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், மறுபடி மறுபடி கிளப்பினால் அந்தச் சூடு இறங்கவே நேரம் கிடைக்காது. மைட்டர் சாவில் ஒரு வெட்டு மூன்று நொடி, அடுத்தது இருபது நொடி கழித்து, இப்படிப் போகும் வேலையில் கலெக்டரையும் கூடவே குதிக்கவிட்டால் அதன் ஆயுள் குறையும்.

நான் பயன்படுத்துவது ரிமோட். சாவிக்கொத்து அளவில் ஒரு பட்டன், சட்டைப்பையிலோ ஏப்ரனிலோ தொங்கும். வேலைக்கு முன் ஒரு தட்டு, அந்தச் சுற்று வேலை முடிந்து அடுக்கி வைக்கும்போது ஒரு தட்டு. சுவரைத் தாண்டியும் வேலை செய்யும் ரேடியோ வகை வாங்குங்கள், டிவி ரிமோட் மாதிரி கண்ணுக்கு நேராகக் காட்டவேண்டிய அகச்சிவப்பு வகையைத் தூசியும் மறைக்கும், மெஷினும் மறைக்கும்.

வாங்கும் முன் இரண்டு விஷயம். ரிமோட் பெட்டியின் மேல் 10 ஆம்ப், 16 ஆம்ப் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான லோடுக்கு, மோட்டாருக்கு இல்லை. எத்தனை ஹெச்பி மோட்டார் வரை என்று தனியாகச் சொல்லியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நடுவே ஒரு கான்டாக்டர் (சின்னக் கரண்டில் இயங்கி மோட்டாரின் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) வேண்டும். இரண்டாவது, உங்கள் கலெக்டரிலேயே பச்சை பட்டன் வகை ஸ்விட்ச் இருந்தால் சாக்கெட் பக்கம் எந்த ரிமோட்டை வைத்தாலும் அது கிளம்பாது, கரண்ட் வந்ததும் பச்சை அழுத்தலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். மேலேயும் கீழேயும் தட்டும் சாதாரண ஸ்விட்ச் என்றால் பிரச்சினை இல்லை.

சீவல்சுருள்:

இருவருக்கும் நன்றி. எக்ஸ்டென்ஷன் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். ரம்பத்தில் பச்சை, சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறது, கலெக்டரில் சாதாரண ஸ்விட்ச்தான். ரிமோட் நல்ல வழியாகத் தெரிகிறது, ஆனால் அதையும் மறக்காமல் அழுத்தவேண்டுமே. மூன்று மெஷினில் எதைப் போட்டாலும் கலெக்டர் தானாக வந்து, கடைசி வெட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஓடி நிற்கும்படி செய்ய முடியுமா? மோட்டார் அடிக்கடி கிளம்புவதும் கூடாது.

சர்க்யூட்பித்து:

முடியும், பெரிய வித்தை எல்லாம் இல்லை. இதில் மூன்று பாகம்: மெஷின் ஓடுவதை உணர ஒன்று, நேரத்தைப் பிடித்து வைக்க ஒன்று, கலெக்டரின் கனமான கரண்டைத் தூக்க ஒன்று. இந்த மூன்றையும் ஒரே மலிவுப் பெட்டியில் அடக்கப் பார்ப்பதில்தான் பாதி ஏற்பாடுகள் கருகுகின்றன.

உணர்வதற்கு ஒயர் மேல் கவ்விக்கொள்ளும் கரண்ட் சென்சார், சி.டி. என்பார்கள். மெஷினுக்குப் போகிற ஃபேஸ் ஒயர் மட்டும் அதன் ஓட்டை வழியே போகவேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த முழுக் கேபிளை நுழைத்தால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும், எவ்வளவு கரண்ட் ஓடினாலும் சென்சார் எதையும் பார்க்காது. சென்சார் பழுது என்று திருப்பி அனுப்பப்படுகிற பல சென்சார்களின் கதை இதுதான். கரண்ட் குறைவான டூலுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது, ஒயரை அதே ஓட்டை வழியாக மூன்று முறை சுற்றி எடுங்கள், சென்சாருக்கு மூன்று மடங்கு கரண்டாகத் தெரியும்.

நீங்களே போர்டு செய்வதாக இருந்தால் சி.டி.யின் வெளியீட்டுக்குக் குறுக்கே ரெசிஸ்டர் இருக்கவேண்டும் (சிலவற்றில் உள்ளேயே வைத்திருப்பார்கள்). அது இல்லாமல் திறந்து விட்ட சி.டி.யில் ஆபத்தான அளவுக்கு வோல்டேஜ் எழும்பும். போர்டு எல்லாம் வேண்டாம் என்றால் கரண்ட் ஸ்விட்ச் என்றே தயாராக வருகிறது, குறிப்பிட்ட ஆம்ப் தாண்டினால் அதன் கான்டாக்ட் மூடும், அதாவது ஆன் ஆகும், எத்தனை ஆம்ப் என்பதை ஒரு திருகில் வைத்துக்கொள்ளலாம். மெஷினுக்கு ஒன்று வீதம் மூன்று வாங்கி, மூன்றின் கான்டாக்டையும் பேரலலாக இணைத்துவிடுங்கள். எது மூடினாலும் கலெக்டருக்குச் செய்தி போய்விடும்.

நேரத்துக்கு ஆஃப் டிலே டைமர். சென்சார் மூடிய உடனே இதுவும் மூடும், சென்சார் திறந்த பிறகு நாம் வைத்த நேரம் வரை பிடித்துக்கொண்டிருக்கும். இழைப்புளி சொன்ன மோட்டார் சூட்டுக்கு இதுவே மருந்து. இதை ஐந்து நொடியில் வைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். இடையில் அடுத்த வெட்டு வந்தால் டைமர் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும், நீங்கள் அரைமணி நேரம் விட்டு விட்டு வெட்டினாலும் மோட்டார் ஒரே ஒரு முறைதான் கிளம்பியிருக்கும்.

கடைசியாக கான்டாக்டர். ஏசி-1 என்று போட்டிருக்கும் ஆம்ப்பைப் பார்க்காதீர்கள், அது ஹீட்டர் கணக்கு. ஏசி-3 என்று போட்டிருப்பதுதான் மோட்டார் கணக்கு, அது கலெக்டரின் முழு லோடு கரண்டைவிடத் தாராளமாக இருக்கட்டும். காயில் 24 வோல்ட் வகை எடுத்தால் சென்சார், டைமர், காயில் எல்லாமே 24 வோல்ட்டில் ஓடும், மெஷின்களுக்கு இடையே இழுக்கிற ஒயரில் மெயின்ஸ் இருக்காது.

ஸ்மார்ட் ப்ளக் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். வாட் அளக்கிற ஸ்மார்ட் ப்ளக்கை ரம்பத்துக்கு வைத்து, இன்னொன்றைக் கலெக்டருக்கு வைத்து, இது ஓடினால் அதைப் போடு என்று செயலியில் எழுதலாம்தான். உள்ளே இருப்பது பொடி ரிலே. ஒன்றரை ஹெச்பி மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்டில் அதன் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு போனில் ஆஃப் என்று காட்டும், கலெக்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இணையம் வழியாகச் சுற்றி வரும் வகை என்றால் தாமதம் வேறு. ஸ்மார்ட் ப்ளக் வேண்டும் என்றால் அதைக் கான்டாக்டரின் காயிலை மட்டும் ஓட்டவிடுங்கள்.

மறக்கவே கூடாத ஒன்று. சென்சாரைப் பட்டறையின் மெயின் ஒயரில் ஒரே ஒன்றாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அந்த ஒயரில் கலெக்டரின் கரண்டும் போனால், ஒரு முறை கிளம்பிய கலெக்டர் தன் கரண்டையே பார்த்துத் தன்னையே பிடித்துக்கொள்ளும், நிற்கவே நிற்காது. கலெக்டரின் இணைப்பு எப்போதும் சென்சாருக்கு முன்பே பிரியவேண்டும். அதேபோல் கம்ப்ரஸர் அந்தப் பக்கம் இருந்தால், அது காற்று ஏற்றும் ஒவ்வொரு முறையும் கலெக்டர் எழுந்துகொள்ளும்.

குழாய்க்காரன்:

சர்க்யூட்பித்து சொன்னது நன்றாக வேலை செய்யும், ஆனால் எந்தக் குழாய் திறந்திருக்கிறது என்பதை யாரும் பேசவில்லையே. மூன்று மெஷினுக்கும் 4 இன்ச் குழாய் பிரிகிறது என்றால் ஒவ்வொரு கிளையிலும் அந்தக் குழாயை மூடித் திறக்கும் சறுக்கு கேட் இருக்கும். மூன்றும் திறந்த நிலையில் ஒன்றரை ஹெச்பியின் காற்று மூன்றாகப் பிரிந்து எங்குமே உருப்படியாக இழுக்காது. மரத்தூளைக் குழாயில் படியவிடாமல் கொண்டுபோக நொடிக்கு 20 மீட்டர் போல காற்று வேகம் வேண்டும், அது ஒரு கேட் மட்டும் திறந்திருந்தால்தான் கிடைக்கும். கலெக்டர் தானாக ஓடி, கேட் மூடியே இருந்தால் என்ன பயன்?

ஆகவே எப்படியும் கேட்டைக் கையால் இழுக்கத்தான் போகிறீர்கள், ஸ்விட்சையும் அங்கேயே வைத்துவிடுங்கள் என்பது என் கட்சி. ஒவ்வொரு கேட்டிலும் ஒரு மைக்ரோ ஸ்விட்ச், கேட் திறந்தால் ஆன் ஆகும் மாதிரி. எல்லாவற்றையும் பேரலலாக இழுத்து அதே 24 வோல்ட் காயிலுக்குக் கொடுங்கள். கேட்டைத் திறந்ததும் கலெக்டர் ஓடும், எல்லாக் கேட்டையும் மூடினால் நிற்கும். கரண்ட் சென்சாரும் வேண்டாம், திருகு வைத்து சரிசெய்வதும் வேண்டாம். நீங்கள் பலகையை எடுத்து ரம்பத்தின் வழிகாட்டிச் சட்டத்தோடு அணைப்பதற்குள் கலெக்டர் முழு வேகத்துக்கு வந்திருக்கும். கரண்ட் சென்சாரில் ரம்பம் கிளம்பிய பிறகுதான் கலெக்டர் கிளம்பும், அந்த முதல் சில நொடித் தூள் வெளியே போகும். மைட்டர் சாவில் அந்தச் சில நொடிதான் முழு வெட்டே.

மைக்ரோ ஸ்விட்சை நெம்புகோல் நீளமாக உள்ளதாக வாங்கி, குழாய்க்கு வெளியே, தூள் புகாத பக்கமாகப் பொருத்துங்கள். கேட் சறுக்கும் தடத்தின் கடைசி மூலையில் தூள் அடைத்து முழுதாக மூடாமல் நிற்கும் பழக்கம் பல கேட்டுகளுக்கு உண்டு, அந்த மூலையை வெட்டித் திறந்துவிட்டால் தூள் தானாக வெளியே விழும்.

இழைப்புளி:

கேட் ஸ்விட்ச் நல்ல யோசனை, என் ரிமோட்டைவிட நல்லது என்றே சொல்வேன். கேட்டைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால் கலெக்டர் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது மட்டும்தான் குறை. அந்தச் சத்தத்தில் யாரும் மறக்கமாட்டார்கள்.

பேட்டரிப்பட்டறை:

பேட்டரி டூல் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். அதில் உணர ஒயர் இல்லை, அதனால் டூலே செய்தி அனுப்பவேண்டும். ஃபெஸ்டூலில் ப்ளூடூத் உள்ள பேட்டரியை மாட்டினால், டூலை அழுத்தியதும் அவர்களுடைய ப்ளூடூத் வேக்கம் ஓடும். மகிட்டாவில் ஏடபிள்யூஎஸ் என்ற பெயரில் சின்ன ரேடியோ துண்டு ஒன்றை டூலிலும் வேக்கத்திலும் சொருகவேண்டும், அதற்கு இடம் வைத்த மாடல்களில் மட்டும். ஒரே கம்பெனிக்குள் இருந்தால் இவை மிக வசதி, கலந்து வைத்திருந்தால் உதவாது.

கலந்து வைத்திருப்பவர்களுக்கு அதிர்வை உணரும் ரிமோட் இருக்கிறது, டூலின் உடம்பில் பட்டையால் கட்டிவிட்டால் மோட்டார் அதிர்ந்ததும் வேக்கத்துக்குச் செய்தி போகும். அதுவும் வேண்டாம் என்றால் வேக்கம் ஹோஸின் டூல் முனையிலேயே ஒரு ரிமோட் பட்டனைக் கட்டிவிடுங்கள். டூலில் ஹோஸை மாட்டும்போது விரல் அங்கேதான் இருக்கும், எந்த டூலுக்கும் பொருந்தும். நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஒயரிங்கட்டை:

டூல் நின்ற பிறகு கலெக்டர் எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்பதில் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் குழாய் காலியாக அரை நொடிதான், மெஷின் உள்ளே தங்கியதற்கும் சேர்த்து ஐந்து பத்து நொடி ஏராளம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் குழாய்க்குள் போகவே இல்லை, காற்றில் நிற்கிறது, அது படிய வெகுநேரம் ஆகும். நுரையீரலின் அடி வரை போவதும் அதுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 வெளியீட்டில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்தது. எனவே கலெக்டர் தானாக ஓடுகிறது என்று முகமூடியைக் கழற்றிவிடாதீர்கள், வெட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

சீவல்சுருள்:

நிறையத் தெளிவாகிவிட்டது. இப்படிச் செய்யப்போகிறேன்: பெஞ்சில் வேக்கத்துக்குக் கரண்ட் உணரும் சாக்கெட், பேட்டரி ரம்பத்துக்கு ஹோஸ் முனையில் ரிமோட் பட்டன். பெரிய கலெக்டருக்குத் தனி சர்க்யூட், கான்டாக்டர், 24 வோல்ட், மூன்று கேட்டிலும் மைக்ரோ ஸ்விட்ச். ஆஃப் டிலே டைமரையும் சேர்க்கலாம் என்று இருக்கிறேன், ஒரு கேட்டை மூடி அடுத்ததைத் திறக்கும் இடைவெளியில் மோட்டார் நின்று கிளம்பாமல் இருக்க. இதில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா?

சர்க்யூட்பித்து:

டைமர் சரியான முடிவு, அரை நிமிடம் போதும். விடுபட்டது இரண்டு. கான்டாக்டரோடு ஓவர்லோடு ரிலே ஒன்று சேர்த்து, கலெக்டர் மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்ப்புக்கு வையுங்கள். எம்சிபி ஒயரைத்தான் காக்கும், மோட்டார் சூடாவதை அது கவனிக்காது. ஓவர்லோடு ரிலே மூன்று ஃபேஸுக்கென்று வருவது, ஒற்றை ஃபேஸ் மோட்டார் என்றால் மூன்று முனை வழியாகவும் கரண்ட் போகும்படி தொடராக இணைக்கவேண்டும், இல்லையென்றால் ஒரு ஃபேஸ் போய்விட்டதாக நினைத்து வீணாக விழும்.

இரண்டாவது, இந்த ஏற்பாட்டில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் திறந்த கேட் இருக்கும் வரை கலெக்டர் தானாகக் கிளம்பும். ஆகவே இம்பெல்லரில் சிக்கியதை எடுக்கக் கை விடும் முன் கேட்டை மூடினால் போதும் என்று நினைக்காதீர்கள், யாராவது அந்தப் பக்கம் ஒரு கேட்டை இழுத்தால் அது சுற்றும். கலெக்டரின் சொந்த ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கையும் உருவிவிட்டுத்தான் திறக்கவேண்டும். மெயின்ஸ் பக்க வேலைக்கு, அதாவது தனி சர்க்யூட்டும் கான்டாக்டரும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 24 வோல்ட் பக்கத்தை நீங்களே இழுத்துக்கொள்ளலாம், இரண்டையும் ஒரே குழாயில் மட்டும் போடவேண்டாம்.